46 வயதில் சிங்கப்பூர்: குடும்பத்தோடு கிளம்பலாமா?

உறையூரான்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிக்காரன், வயது 46. திருவெறும்பூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் 22 வருஷம் ஓட்டியாச்சு. கடைசி 9 வருஷமாக வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன். இப்போது ஆர்டர் குறைந்து, சம்பளம் இரண்டு மாசத்துக்கு ஒருதரம்தான் வருகிறது.

சிங்கப்பூரில் க்யூ.சி. (தரக்கட்டுப்பாடு) வேலை, மாசம் 6,800 டாலர், ஈ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) போட்டுத் தருவார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். வீடியோவில் இன்டர்வியூவும் முடிந்தது. வாடகைக்கு 3,000, சாப்பாடு, பஸ், பிள்ளைகள் செலவு எல்லாம் போக 1,500 மிச்சம் பிடித்தால்கூட வீட்டுக்கடனை அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. மகள் பத்தாவது, மகன் ஆறாவது. அம்மாவுக்கு 74, அவர்களையும் கூட்டி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். மனைவி டீச்சர், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார்.

இந்த வயசில் புதுசாக ஆரம்பிப்பது சரிதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ் மாமன்:

தம்பி, முதலில் அந்த ஏஜென்டிடம் எந்த பாஸ் என்று எழுத்தில் கேளுங்க. 6,800 வெள்ளிக்கு (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) உங்க வயசில் ஈ.பி. வராது. 2025 ஜனவரியிலிருந்து புதுசாகப் போடுகிற ஈ.பி.க்குக் குறைந்தது 5,600 வெள்ளி. ஆனால் அது 23 வயசுப் பையனுக்கு. வயசு ஏற ஏற அவர்கள் கேட்கிற சம்பளமும் ஏறும், 45 தாண்டினால் 10,700. நிதித்துறைக்கு இன்னும் கூட. அதற்கு மேல் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளி வாங்கணும்.

ஈ.பி.க்கு அடுத்த படியில் இருக்கிற எஸ் பாஸ் என்றால் 6,800 தாராளம். ஆனால் கம்பெனிக்கு கோட்டா இருக்கணும். மாசாமாசம் லெவி (வெளிநாட்டு ஆளை வைப்பதற்கு அரசுக்குக் கட்டும் தொகை) கம்பெனிதான் கட்டணும், அதை உங்க சம்பளத்தில் பிடித்தால் குற்றம். இங்கே ஏஜென்ட் வாங்குகிற காசுக்கும் வரம்பு உண்டு: வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாசத்துக்கு மேல் கூடாது. ஐ.பி.ஏ. கடிதம் (பாஸுக்கான முன்-ஒப்புதல்) கைக்கு வந்ததும் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்காமல் டிக்கெட் போடாதீங்க.

அம்மாவைக் கூட்டி வருவது நடக்காது. பெற்றோருக்கு நீண்டகால பாஸ் வேண்டுமானால் உங்க சம்பளம் 12,000 இருக்கணும். மனைவி, பிள்ளைகளுக்கு 6,000 போதும், அதில் தப்பிக்கிறீங்க. வெளிநாட்டுக்காரருக்கு மசேநி (மத்திய சேம நிதி, நம்ம ஊர் பி.எஃப். மாதிரி) கிடையாது, வயசான காலத்துக்குச் சேர்ப்பது உங்க பாடு. வேலை போனால் பொதுவாக முப்பது நாள்தான், பிறகு பெட்டி கட்டணும். 28 வயசில் வந்தவனுக்கு அது ஒரு சறுக்கல். 46இல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு அதை யோசித்துப் பாருங்க.

ஈஷூன் அக்கா:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சம்பளக் கணக்குக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறீர்கள். மனைவிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். "விட்டுவிட்டு வந்துவிடுவார்." அவர் சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா?

நானும் டீச்சர்தான். கும்பகோணத்தில் 16 வருஷம் கணக்கு எடுத்தேன். 2010இல் எனக்கு 41 வயது, வீட்டுக்காரருக்கு 44, அவர் வேலைக்காக வந்தோம். ஈஷூனில் ஒன்பதாவது மாடி. காலை ஆறரைக்கு அவர் கிளம்புவார், ஏழுக்குள் பையன் கிளம்புவான். எட்டு மணிக்கு வீடு கூட்டி முடித்துவிட்டால் அப்புறம் சாயங்காலம் வரை சுவர்தான். மூங்கில் கம்பில் துணி கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும், முதல் வாரம் கை நடுங்கியது. எங்கே தவறி எவர் தலையிலாவது விழுமோ என்று. ஊரில் காய்க்காரம்மாகூட "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். இங்கே என் கையில் ஓர் அட்டை, டி.பி. தமிழில் சார்ந்திருப்பவர் அட்டை. தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) முருங்கைக்கீரைக்கு வெள்ளியை எண்ணிக் கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்து அழுதேன். கொல்லையில் சும்மா ஒடித்த கீரை!

எட்டு மாசத்தில் ஒரு துணைப்பாட நிலையத்தில் வேலை கிடைத்தது, மூச்சு வந்தது. ஆனால் அந்த வழி உங்கள் மனைவிக்கு இல்லை. அப்போது டி.பி.யில் இருப்பவர் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே மாதத்திலிருந்து, வேலைக்குப் போக வேண்டுமானால் அவருக்கென்று தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். அது இல்லையென்றால் வீட்டோடுதான்.

மகள் விஷயம் இன்னும் சிக்கல். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர எழுதும் ஏ.இ.ஐ.எஸ். தேர்வு உயர்நிலை மூன்று (நம் ஒன்பதாவது மாதிரி) வரைதான். பத்தாவது முடித்த பெண்ணைப் பின்னால் தள்ளி உட்கார வைப்பீர்களா? சர்வதேசப் பள்ளி உங்கள் சம்பளத்துக்குத் தாங்காது. பையனுக்கு வயது இருக்கிறது, ஆனால் பின்னாளில் உங்களோடு சேர்ந்து பி.ஆர். (நிரந்தரவாசம்) வாங்கினால் அவனுக்கு 2 வருஷம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ, போலீஸ் மாதிரிப் பணி. என் பையன் செய்தான். எனக்கு அதில் பெருமைதான், தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

வராதே என்று சொல்லவில்லை. இன்றைக்கு என்னைத் திரும்பிப் போ என்றால் போக மாட்டேன். அங் மோ கியோ நூலகத்தில் தமிழ்ப் புத்தக அலமாரிக்கு நான் பாதி சொந்தக்காரி. ஆனால் இது தானாக வந்ததில்லை, நான்கு வருஷம் ஆயிற்று. நீங்கள் மட்டும் முதலில் வந்து ஓர் அறை எடுத்து ஒரு வருஷம் இருங்கள். பெண் பன்னிரண்டாவதை அங்கேயே முடிக்கட்டும். டீச்சர் வேலையை விட வேண்டாம்.

உறையூரான்:

மாமா, ஏஜென்டிடம் கேட்டேன். "ஈ.பி. இல்லாவிட்டால் எஸ் பாஸ், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். எழுத்தில் தரச் சொன்னதிலிருந்து போனை எடுக்கவில்லை.

அக்கா, உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கீரை வந்த இடத்தில் என் கையிலிருந்து போனை வாங்கி, மீதியை அவரே படித்தார். இரவு பதினோரு மணிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மே லீவில் இரண்டு வாரம் வந்து பார்க்கலாமா, வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இரண்டு வாரத்துக்கு அறை கிடைக்குமா?

ஈஷூன் அக்கா:

அதை மட்டும் செய்யாதீர்கள். வீவக வீட்டில் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், இரண்டு வாரம் விட்டால் சட்டவிரோதம். தேக்கா பக்கம் விடுதி பாருங்கள், ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலுக்கு நடக்கிற தூரத்தில் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தப் பக்கம் நடக்க இடமிருக்காது, அன்றைக்கு டீச்சரை ஈஷூனுக்கு அனுப்புங்கள். காப்பி நான் போடுகிறேன். நீங்கள் வர வேண்டாம்.