உருள்சுற்றளவா, ஒரு சுற்றுத் தொலைவா?

ரொறன்ரோ மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். பனிக்கால ரயர்களைப் பற்றித் தமிழ் ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகவேண்டும். நான்கு சில்லுகளுக்கும் எஞ்சின் விசை செல்லும் கார்களில், ரயர்களின் 'ரோலிங் சர்க்கம்ஃபரன்ஸ்' (ரயர் ஒரு முறை உருள வண்டி செல்லும் தூரம்) ஒன்றாக இருக்கவேண்டும் என்ற பகுதியில் நின்றுவிட்டேன். இங்கே பலர் கோடையில் 225/45R17 ரயரும் (மில்லிமீற்றரில் அகலம், அதில் பக்கச்சுவர் உயரத்தின் வீதம், அங்குலத்தில் றிம் விட்டம்), பனிக்காலத்தில் சிறிய றிம்மில் 205/55R16 ரயரும் பூட்டுகிறார்கள். எண்கள் வேறாயினும் முன்னதன் விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீற்றர், பின்னதன் விட்டம் 632. நான்கையும் சேர்த்து மாற்றினால் தீங்கில்லை. ஆனால் தேய்ந்த மூன்றுடன் புதிய ரயர் ஒன்றைச் சேர்த்தால், எண்கள் ஒன்றாகவே இருந்தும் வண்டி பழுதாகலாம். 'அளவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படி எழுதுவது?

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மையீர், 'உருள்சுற்றளவு' என்க. வள்ளுவர் 667ஆம் குறளில் 'உருள்பெருந்தேர்' என்று வழி காட்டியிருக்கிறார். இது வினைத்தொகையாதலின், 'கொல்களிறு' போலப் புணர்ச்சியில் திரிபு இல்லை. 'உருள்' என்பதைச் சக்கரம் என்ற பெயராகக் கொண்டால் ஆறாம் வேற்றுமைத் தொகையாகி, 'உருட்சுற்றளவு' என்று திரியும். ஆகவே சக்கரத்தின் வடிவச் சுற்றளவு உருட்சுற்றளவு. அது சாலையில் உருளும்போதுள்ள சுற்றளவு உருள்சுற்றளவு. ஒரு மெய்யெழுத்தில் இரண்டு கலைச்சொற்களைத் தரும் மொழி நம்முடையது. றிம் என்பதற்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டை என்று வண்டித் தச்சர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். றிம்முக்கு நிகரான அந்த வட்டையையே பெரும்பாணாற்றுப்படை உமணரின் உப்பு வண்டியைப் பாடும்போது 'சூட்டு' என்கிறது. 'நேமி' வடசொல், அதைத் தவிர்க்கலாம்.

கோயம்புத்தூர், பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியர்:

ஐயாவின் புணர்ச்சி விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் ளகர மெய்க்கும் டகர மெய்க்கும் உள்ள வேறுபாட்டை நம்பி எந்த மெக்கானிக்கும் டயர் மாட்டமாட்டார். நான் வகுப்பில் 'ஒரு சுற்றுத் தொலைவு' என்றுதான் சொல்கிறேன். தரையைத் தொடும் இடத்தில் டயர் மீது சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. காரை மெல்லத் தள்ளி, டயர்க் கோடு மீண்டும் தரைக்கு வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு தரைக் கோடுகளுக்கும் இடையே டேப்பை வைத்தால் விடை வந்துவிடும். வண்டியின் எடையால் டயர் அடியில் சப்பிக்கொள்வதால், இந்தத் தொலைவு வடிவச் சுற்றளவைவிடச் சற்றுக் குறையும். அந்த வகையில் ஐயா சொல்லும் இரண்டு பொருள்களும் உண்மையிலேயே வேறுதான். அவற்றைப் பிரிக்கும் வேலையை ஓர் ஒற்றெழுத்திடம் ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் வாதம்.

கையேட்டில் காரணத்தையும் எழுதுங்கள். சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவுகளுக்கிடையே கால் அங்குலம், அதாவது 6.4 மில்லிமீட்டர் வரைதான் வேறுபாட்டை ஏற்கிறது. டயரில் தரையைத் தொடும் வரிப்பட்டை (ட்ரெட்) ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது, சுற்றளவு 6.3 மில்லிமீட்டர் குறைகிறது; வரம்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. எட்டு மில்லிமீட்டர் ட்ரெட் உள்ள புதிய டயரை ஐந்து மில்லிமீட்டர் மிஞ்சியுள்ள பழையவற்றுடன் போட்டால், வேறுபாடு வரம்பைப் போல மூன்று மடங்காகும். நேர்ச்சாலையிலும் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, இடையிலுள்ள பிணைப்பு ஓயாமல் வழுக்குகிறது. அதில் சிலிக்கோன் திரவம் இருந்தால் சூடேறும், தட்டுக் கிளட்ச் இருந்தால் தேயும்.

மறுபக்கம், பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரில் முன்னால் 275/40R20, பின்னால் 315/35R20 டயர்களை நிறுவனமே பொருத்தித் தந்திருக்கிறது. அகலம் 40 மில்லிமீட்டர் வேறு; விட்டமோ 728, 728.5. சொல் எதுவானாலும் இந்த இரண்டையும் ஒருங்கே விளக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்து அன்பர்:

சில்லு என்று அம்மா எழுதியதைச் சக்கரம் என்று திருத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சில்லு என்றால் உடைந்த துண்டு. எங்களுக்கு அது வண்டிச் சக்கரம்தான். ரொறன்ரோவில் இந்தக் கையேட்டை விரித்துப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் எங்களூர்ச் சனம்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர்:

சில்லுக்கு மறுப்பில்லை. 'கால்' என்பதும் சக்கரமே. 'கால்வல் நெடுந்தேர்' என்ற குறளும் உண்டு. எனினும் 'நாற்கால் இயக்கம்' என்றால் வாசகர் நாற்காலியை நினைப்பார் என்பதால் வற்புறுத்தவில்லை. ஆனால் 'ஒரு சுற்றுத் தொலைவு' கலைச்சொல் அன்று, விளக்கம். 'ஒரு சுற்றுத் தொலைவு வேறுபாட்டு வரம்பு' என்று அட்டவணைத் தலைப்பில் எழுதிப் பாருங்கள். கட்டத்தை விட்டு வெளியே ஓடும்.

ரொறன்ரோ மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. அட்டவணையின் கட்டம் உண்மையிலேயே ஒடுக்கமானது. ஆகவே உருள்சுற்றளவு என்றே எழுதி, முதல் இடத்தில் 'ரயர் ஒரு முறை உருளும்போது வண்டி நகரும் தொலைவு' என்று விளக்கிவிடுகிறேன்; சாக்பீஸ் முறையைப் படமாகப் போடுகிறேன். உருட்சுற்றளவு வராது. சில்லு, ரயர், றிம் அப்படியே இருக்கும். சிறிய றிம்முக்கு மாறுவதை 'குறைவிட்டப் பொருத்தம்' எனலாம் என்று இன்னோர் அன்பர் தனிமடல் அனுப்பியிருக்கிறார். சேர்க்கலாமா?

கோயம்புத்தூர் ஆசிரியர்:

வேண்டாம். ரிம் ஓர் அங்குலம் குறையும்போது டயரின் பக்கச்சுவர் அதற்கேற்ப உயர்ந்து, மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. விட்டம் குறைகிறது என்று எழுதினால், அதைத்தானே நாம் செய்யக்கூடாது என்கிறோம்? 'சின்ன ரிம் போடுதல்' போதும். என் வகுப்பில் ஒரு சுற்றுத் தொலைவுதான் தொடரும்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர்:

'குறுவட்டைப் பொருத்தம்' என்றால் அந்தக் குறை நீங்கும். வட்டையை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.