எடை அதிகம், முதுகுவலி விடவில்லை: பெல்ட் போடலாமா?

கேள்வி:
எடை 98 கிலோ, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, ஆறு மாதமாக அடிமுதுகில் வலி, குனிந்து சாக்ஸ் போடவே முடியவில்லை. எடை குறைந்த பிறகுதான் பிசியோதெரபி போக வேண்டுமா? அதுவரை பெல்ட் போடலாமா?

பதில்:
காத்திருக்காதீர்கள். மூன்று மாதம் தாண்டிய வலிக்குப் படுத்தே கிடப்பது சரிவராது, அசைவுதான் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலே பெல்ட் வேண்டாம் என்கிறது.

பதில்:
தரையில் படுத்து எழுவது சிரமம் என்றால் பிசியோவிடம் சொல்லுங்கள், கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது என்று மாற்றித் தருவார்கள். அப்புறம் நடை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து.

பதில்:
எடைக்கு நடையை மட்டும் நம்பாதீர்கள், தட்டிலும் குறைக்க வேண்டும். தொடை இடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.