படை மருத்துவமா, பொது மருத்துவமா: நோயாளிக்கு எது நல்லது?

கட்டுத்துணி:
பதினோரு வருடம் படையில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். ஓய்வுபெற்று வெளியே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கால் நசுங்கி வந்த ஒருவரின் தம்பியை முன்பணம் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. படையில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. பணம் என்ற பேச்சே அங்கே கிடையாது. அடிபட்டவர், அவரைத் தூக்கி வருபவர், அறுப்பவர், பிறகு நடக்கப் பழக்குபவர், எல்லாரும் ஒரே சங்கிலி. படை மருத்துவம்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். மறுப்பவர்கள் வரலாம்.

இரவுப்பணி:
பொது மருத்துவமனை அவசரப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன் சார். முன்பணம் கேட்டது அநியாயம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒப்பீடு சரியில்லை. உங்களிடம் வந்தவர்கள் உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள். என்னிடம் நேற்றிரவு வந்தவர் எழுபத்தாறு வயதுப் பாட்டி. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதற்கு மேல் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவு. அந்தப் பாட்டியையும் உங்கள் சிப்பாயையும் ஒரே தராசில் வைத்து "படை மருத்துவம்தான் மேல்" என்றால் எப்படி?

கட்டுத்துணி:
வயதை விடுங்கள் டாக்டர், கற்றுக்கொள்ளும் முறையைப் பாருங்கள். தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும் என்று பயந்து, டூர்னிகே பட்டையை வெளி மருத்துவம் பல பத்தாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில்தான் அந்தப் பயம் உடைந்தது. நேரத்தோடு கட்டி, நேரத்தோடு அவிழ்த்தால் உயிரும் நிற்கிறது, காலும் பெரும்பாலும் நிற்கிறது. அமெரிக்கப் படை 2001 முதல் 2011 வரை நடந்த 4,596 போர்முனை மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. ஏறக்குறைய 87 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு வருமுன்னே இறந்திருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒருவரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கிறது. அந்த வாய்ப்பு இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இரத்தம் போயே இறந்தவர்கள். தன் வீட்டுச் சாவை இப்படி உட்கார்ந்து எண்ணி, "இதில் இத்தனை எங்கள் தவறு" என்று அச்சிட்டு வெளியிட்ட பொது மருத்துவமனை ஒன்றைக் காட்டுங்கள்.

இன்னொன்று. 2009இல் அந்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், கடுமையாக அடிபட்டவர் அறுபது நிமிடத்துக்குள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். தூக்கி வரும் நேரம் சராசரியாக 90 நிமிடத்திலிருந்து 43 நிமிடமாகக் குறைந்தது. அடிபட்டவர்களில் இறந்தவர்கள் 13.7 சதவீதத்திலிருந்து 7.6 ஆக இறங்கினார்கள். ஒரே உத்தரவு! வெளியே இதற்கு எத்தனை கூட்டம், எத்தனை கோப்பு?

இரவுப்பணி:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன், என் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கிறேன். ஆனால் உத்தரவு எவ்வளவு வேகமாக நல்லதைப் பரப்புமோ, அவ்வளவு வேகமாகத் தப்பையும் பரப்பும். ஹீமோஃபிலியா, அதாவது இரத்தம் சரியாக உறையாத பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கென்று வந்த ஃபாக்டர் ஏழு என்ற இரத்தம் உறையவைக்கும் மருந்தை ஈராக்கில் காயம்பட்டவர்களுக்கு நிறையச் செலுத்தினார்கள். விலையும் மிக அதிகம், கண்ட இடத்தில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. பிறகு முறையாகச் சோதித்தபோது உயிரிழப்பு குறையவில்லை. போர்முனையில் நின்று சோதனைக்குழு, ஒப்பீட்டுக்குழு என்று பிரிக்க நேரமில்லை, புரிகிறது. அதனால்தான் அங்கே கண்டது மட்டும் சான்றாகாது என்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இன்று பல நாட்டுப் படை மருத்துவர்களும் மதிக்கும் மருந்து. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவர், கணவரோடு சேர்ந்து கண்டது. அவர் மனதில் இருந்தது போர் அல்ல, பிரசவத்தில் இரத்தப்போக்கால் சாகும் தாய்மார்கள். அடிபட்டவர்களுக்கும் அது உதவும் என்று காட்டியது 2010இல் முடிந்த ஆய்வு: 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். பெரும்பாலும் சாதாரணப் பொது மருத்துவமனைகள். என்னைப் போல இரவுப்பணி பார்ப்பவர்கள் உறை பிரித்து ஊசி போட்டு, படிவம் நிரப்பியது. இதையும் உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொண்டால் என்ன நியாயம்?

தாமரை:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் மருத்துவத்துறை இல்லை, சிப்பாயின் மனைவி. கட்டுத்துணி அண்ணா, நீங்கள் சொல்லும் காயத்துக்கு நான் எதிர்வார்த்தை பேசமாட்டேன். என் வீட்டுக்காரர் காலில் ஒரு கம்பி இருக்கிறது, இன்றும் ஓடுகிறார். ஆனால் காயம் மட்டும்தான் நோயா? திரும்பி வந்து எட்டு மாதம் தூங்கவில்லை. கதவு அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். படை மருத்துவரிடம் போகலாம் என்றேன். "அங்கே சொன்னால் ஏட்டில் ஏறும், ஏட்டில் ஏறினால் துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், அடுத்த பதவி உயர்வும் போய்விடும்" என்றார். கடைசியில் என் நகையை விற்று வெளியே ஒரு மருத்துவரிடம் பெயரை மாற்றிச் சொல்லிப் போனோம். இலவசம் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, எங்களுக்கு அது எட்டவில்லை.

பிள்ளைகளுக்குப் பார்த்த மருத்துவர் மூன்று வருடத்தில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

வழக்குக்கட்டு:
தாமரை சொன்னதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. பொது மருத்துவர் நோயாளி ஒருவருக்கே பதில் சொல்பவர். படை மருத்துவருக்கு எஜமானர்கள் இரண்டு: முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளியும், அவருக்குப் பின்னால் நிற்கும் படைப்பிரிவும்.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1950இல் ஃபெரெஸ் என்ற வழக்கு. அதோடு சேர்த்து விசாரித்த ஒன்றில், படை மருத்துவமனையில் வயிற்று அறுவை செய்துகொண்ட சிப்பாய்க்கு எட்டு மாதம் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே 30 அங்குல நீளம், 18 அங்குல அகலத் துண்டு. அதில் படை மருத்துவத் துறை என்ற முத்திரையே இருந்ததாகப் பதிவு. பணியோடு சம்பந்தப்பட்ட காயத்துக்குச் சிப்பாய் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பு. ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து, 2019 இறுதியில்தான் அங்கே மருத்துவத் தவறுக்கு இழப்பீட்டு மனு கொடுக்கவே வழி வந்தது, அதுவும் நீதிமன்றத்தில் அல்ல, அதே துறையிடம். உங்கள் சங்கிலியில் நோயாளி கேள்வி கேட்கும் கண்ணி எங்கே சார்?

இரண்டாம் உலகப்போரில் சுமார் 60,000 அமெரிக்கப் படைவீரர்கள் மீது கடுகு வாயு போன்ற இரசாயனங்களைச் சோதித்தார்கள். பலர் அதை வெளியே சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டிப்போட்டு அனுப்பப்பட்டவர்கள். பொது மருத்துவத்திலும் கொடுமைகள் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் "முடியாது" என்று எழுந்து போகும் உரிமை சீருடைக்குள் மிகச் சிறியது.

கட்டுத்துணி:
தாமரை தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கப் பதில் எழுதவில்லை. நானும் அந்த ஏட்டில் எழுதியவன்தான். தூக்கம் இல்லை என்று சொன்ன பையன்களை "சும்மா களைப்பு" என்று எழுதிக் காப்பாற்றியதாக நினைத்திருக்கிறேன். ஒருவன்கூட முழு வைத்தியம் பெறவில்லை என்று இப்போது தெரிகிறது. அதில் நான் தோற்றுவிட்டேன்.

ஆனால் டாக்டர், மறதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு போரிலும் கற்றதை அடுத்த அமைதிக்காலத்தில் படையே தொலைத்துவிடுகிறது. பிரிட்டன் 1990களில் தன் படை மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றை மூடி, மருத்துவர்களைப் பொது மருத்துவமனைகளில் உட்கார வைத்தது. ஆப்கானிஸ்தானில் அடிபட்டவர்களைப் பர்மிங்காமில் பொதுமக்களோடு ஒரே கட்டடத்தில்தான் பார்த்தார்கள். அமைதிக்காலத்திலும் தினமும் நோயாளிகளைப் பார்த்தால் கற்றது மறக்காது, அதனால் அதைக் கெட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இரவுப்பணி:
நானும் அதைத்தான் கேட்கிறேன் சார். உங்கள் ஆட்கள் என் அவசரப் பிரிவில் வந்து நிற்கட்டும். பட்டை கட்ட என் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும், அந்தப் பாட்டியையும் பார்க்கட்டும். ஆனால் அறையில் இருக்கும்வரை நோயாளி சொல்வது நோயாளிக்கே சொந்தம். அந்த ஒன்றை விட்டுத்தர மாட்டேன்.

தாமரை:
அண்ணா, உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது பணியில் இருக்கும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்: ஒரு பையன் வந்து உட்கார்ந்ததும், நீ சொல்வதை யார் யார் படிப்பார்கள் என்று முதலில் சொல்லிவிடட்டும். பிறகு அவன் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும்.

கட்டுத்துணி:
மூன்று பேர் இருக்கிறார்கள். இன்று மாலை பேசுகிறேன்.