புதுப்பிப்பு: வகுப்பறையில் குளுக்கோமீட்டருக்கு அனுமதி கிடைத்துவிட்டது

டைப் 1 சர்க்கரை உள்ள மகள் வகுப்பில் குளுக்கோமீட்டர் (ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி) வைத்திருக்கப் பள்ளி மறுத்தது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, டாக்டரிடம் ஒரே பக்கத்தில் கடிதம் வாங்கச் சொன்ன யோசனைதான். சர்க்கரை உள்ள பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்ற சிபிஎஸ்இயின் 2017 சுற்றறிக்கை பள்ளியில் எடுபடவில்லை. அது பொதுத்தேர்வு அறைக்கானது என்றார்கள், சரிதான். கடிதத்தில் இருந்தவை: ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, சர்க்கரை இறங்கியிருக்கும்போது தனியாக ஆபீஸ் ரூமுக்கு அனுப்பவும் கூடாது. பள்ளியில் இரண்டு நகல் கொடுத்து, ஒன்றில் பள்ளி சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது பி.டி. பீரியட். பை வகுப்பில் கிடக்கும், பிள்ளை மைதானத்தில். இப்போது பி.டி. சாரிடம், சர்க்கரை இறங்கினால் கொடுக்க, தனி டப்பா இருக்கிறது. அதில் சாக்லேட் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏறத் தாமதமாகும்.