மறுமொழி: 'நிணநீர் வடிகால் மசாஜ்' வேண்டாம், 'நிணநீர் வருடல்'னே வச்சுக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

மசாஜ் வகைகளுக்குத் தமிழ்ப் பேர் வைக்க நாம போடுற பட்டியலை முழுசாப் படிச்சேன், பெரும்பாலானதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா ஒரு வரிய மட்டும் தயவுசெஞ்சு அப்படியே ஏத்திடாதீங்க. தேங்கின நிணநீரைக் கையால நகர்த்தி வீக்கத்தைக் குறைக்கிற மேனுவல் லிம்ஃபாட்டிக் டிரெய்னேஜுக்கு 'நிணநீர் வடிகால் மசாஜ்'னு போட்டிருக்கோம். வடிகால்னா மாநகராட்சி ஞாபகம் வருதுங்கிறது சின்ன விஷயம், அதை விட்டுடலாம். 'மசாஜ்'ங்கிற பாதிதான் ஆபத்து.

எங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்ல அக்குள் நிணநீர்க்கணுக்களையும் எடுத்தாங்க, கொஞ்ச மாசத்துல அந்தப் பக்கத்துக் கை வீங்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரில குடுத்த நோட்டீஸ்ல 'வடிகால் மசாஜ் செய்யவும்'னு ஒத்த வரி, அவ்வளவுதான். வீட்டுல என்ன செய்வாங்க, மசாஜ்னா நல்லெண்ணெயைக் காய்ச்சி பலமா உருவி விடணும்னுதானே நமக்குத் தெரியும், தெருவுல சுளுக்கு எடுக்கிற அம்மாவைக் கூப்பிட்டு மணிக்கட்டுல இருந்து மேல் நோக்கி நல்லா அழுத்தி உருவச் சொன்னாங்க. கை செவந்து, வலி கூடினதுதான் மிச்சம். அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து செஞ்சு காட்டினப்பதான் இது முழுக்க வேற வேலைன்னு புரிஞ்சுது.

அவங்க வீங்கின கையத் தொடவே இல்ல முதல்ல. காறை எலும்புக்கு மேல இருக்கிற குழில ரெண்டு விரலைப் பட்டும் படாம வச்சு தோலை மட்டும் லேசா நகத்தி விட்டாங்க, அப்புறம் நல்லா இருக்கிற பக்கத்து அக்குள், அப்புறம் நெஞ்சுக்கு குறுக்க, அதுக்கப்புறம்தான் மேல்கை, முழங்கை, கடைசில விரல். எண்ணெய் கிடையாது. விரல் தோல் மேல வழுக்கக் கூடாது, தோலோட சேர்ந்து கொஞ்சம் நகரணும், உடனே விட்டுடணும், தோல் தானா பழைய இடத்துக்கு வரும். தோல் செவந்தா அழுத்தம் அதிகம்னு அர்த்தமாம். காரணம், நிணநீர் உள்ள புகுற முதல் நுண்குழாய்கள் தோலுக்கு அடிலயே இருக்கு, அதோட சுவர்ல இருந்து நூல் மாதிரி இழைகள் சுத்தி இருக்கிற திசுவோட பிணைஞ்சிருக்கு, தோலை மெல்ல இழுத்தா இழை இழுபட்டு குழாய் வாய் திறக்கும், தேங்கின நீர் உள்ள போகும். போட்டு அழுத்தினா அந்த வேலை நடக்காது. முதல்ல மேல இருக்கிற வழியைக் காலி பண்ணி வச்சாதான் கீழ இருந்து வர்றதுக்கு இடம் கிடைக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதிதான் 1930கள்ல பிரான்ஸ்ல இருந்தப்ப இதை உருவாக்கினாங்க, 1936ல பாரிஸ்ல அறிமுகப்படுத்தினாங்க. நாள்பட்ட சளித் தொல்லையோட வந்தவங்களுக்கு கழுத்துல நிணநீர்க்கணு வீங்கியிருக்கிறதைப் பார்த்துதான் ஆரம்பிச்சாங்க. கணுவைத் தொடவே கூடாதுன்னு மருத்துவர்கள் சொல்லிட்டிருந்த காலம் அது, அதனாலதான் கை அவ்வளவு மெல்லிசா இருக்கணும்னு வகுத்தாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். நான் சொன்ன 'வருடல்'க்கு இழைல வந்த மறுப்பு இது:

> 'வருடல்' சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரில எடுபடாது.

ஐயா, நம்ம மொழில கையோட அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி ஏற்கனவே வரிசையா வினைச்சொல் இருக்கு: வருடு, தடவு, நீவு, உருவு, தேய், பிசை, அமுக்கு, மிதி. கேட்ட உடனே கைக்கு எவ்வளவு பலம் வேணும்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. 'வருடி விடுங்க'ன்னு சொன்னா எந்த வீட்டுலயும் யாரும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வர மாட்டாங்க, கட்டைவிரலைப் போட்டு அமுக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் வேணும். பாட்டுல வருதுங்கிறதுக்காக இவ்வளவு பொருத்தமான சொல்லை விட்டுக் குடுக்க எனக்கு மனசில்ல.

'மேனுவல்'ங்கிறது விட்டுப்போச்சேன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தீங்க. காத்தடிச்சு இறுக்கி விடுற பம்ப் மெஷினும் இருக்கிறதால அந்த வேறுபாடு வேணும்தான், ஆனா வருடுறது கைதானே, மெஷின் எங்க வருடப் போகுது. 'கைமுறை'ன்னு முன்னாடி ஒட்டவச்சு நீட்ட வேண்டாம்.

மொத்த மசாஜுக்கும் 'தொக்கணம்'னு வைக்கலாம்ங்கிற யோசனை ஆசையா இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். சித்த மருத்துவத்துல தொக்கணம் 32 புற மருத்துவ முறைகள்ல ஒண்ணு, அதுக்குள்ள தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட 9 வகை வகுத்து வச்சிருக்காங்க. அதை ஜப்பானோட ஷியாட்சு மசாஜுக்கும் ஸ்வீடிஷ் மசாஜுக்கும் பொதுப்பேரா ஆக்கிட்டா சித்த மருத்துவர் எதைச் சொல்றார்னே தெரியாமப் போயிடும். பொதுப்பேரு மசாஜ்னே இருக்கட்டும். ஆனா உள்வகைக்கு அந்த 9ல இருந்து தாராளமா எடுத்துக்கலாம், ஸ்வீடிஷ் முறைல டாபோட்மென்ட்னு சொல்றதுக்கு 'தட்டல்' அச்சா பொருந்துது. அதே முறைல வர்ற எஃப்ளூராஜுக்கு நீவல், பெத்ரிசாஜுக்கு பிசைதல் சரி. லண்டன்ல டாக்டர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரவலாக்கினாரே, தசைநாருக்கு குறுக்க விரலால ஆழமாத் தேய்க்கிறது, அதுக்கு 'குறுக்குத் தேய்ப்பு' போதும். மசாஜுக்கு 'உடற்பிடிப்பு'ங்கிற பேரு வேண்டவே வேண்டாம், பிடிப்புன்னா மக்களுக்கு முதுகுப் பிடிப்புதான், நோய்க்கும் சிகிச்சைக்கும் ஒரே பேரு ஆயிடும். 'தாய் மசாஜ்'னு எழுதினா அம்மா செய்யிற மசாஜா தாய்லாந்து மசாஜான்னு குழப்பம், 'தாய்லாந்து மசாஜ்'னு முழுசா எழுதுங்க.

பலனைப் பத்தியும் குறிப்புல பெருசா எழுதாதீங்க. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான கை வீக்கத்துக்கு 6 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015 ஆய்வுத் தொகுப்புல (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் அமைப்போடது), வீக்கத்தைக் குறைக்கிற பெரிய வேலைய இறுக்கக் கட்டுதான் செய்யுது, வருடல் அதுக்கு மேல கொஞ்சம் உதவுது, அதுவும் வீக்கம் ரொம்ப முத்தாதவங்களுக்குன்னுதான் வந்துச்சு. சித்திக்கும் தினம் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்புன்னு எல்லாம் சேர்ந்துதான் கை சுருங்குச்சு.

நான் முன்வைக்கிற பதிவு இது:

நிணநீர் வருடல்: நிணநீர் தேங்கி வீங்கிய உறுப்பில், எண்ணெயின்றி, தோலை மட்டும் மெல்ல இழுத்து விட்டு நீரை நகர்த்தும் கைச்சிகிச்சை. கழுத்தில் தொடங்கி வீங்கிய இடத்தில் முடியும். பயிற்சி பெற்றவரிடம் கற்ற பிறகே வீட்டில் செய்யவும். காய்ச்சல், தோல் தொற்று, ரத்தக்குழாயில் ரத்த உறைவு, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்குக் கூடாது.

பிசியோ படிச்சவங்க இந்த விவாத இழையில ரெண்டு மூணு பேர் இருக்கீங்க, நோயாளிகிட்ட நீங்க வாயால என்ன சொல்றீங்கன்னு எழுதுங்க. 'வருடல்'ஐ விட நல்ல வினைச்சொல் உங்க ஊர்ப் பக்கம் இருந்தா அதையே எடுத்துக்கலாம், ஆனா பட்டியல் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.