மாடிப் போர்ஷன் பாக்கி: மேற்கு மாம்பலம் வீட்டுக் குழு

சித்தப்பா: மாடியில் இருப்பவர் மூன்றாவது மாதமாக வாடகை தரவில்லை. கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடுகிறார்.

அண்ணன்: மோட்டார் சுவிட்ச் நம் பக்கம்தானே இருக்கிறது? அதை அணைத்தால் இரண்டே நாளில் காலி செய்துவிடுவார்.

பெரியப்பா: அப்படிச் செய்யவே கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த இடம் தரவில்லை. நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுப்பார், பாக்கி வைத்தவரை விட்டுவிட்டு நம்மைக் கேள்வி கேட்பார்கள். இரண்டு மாத வாடகை நின்றாலே வெளியேற்ற மனுப் போடலாம் என்றாலும், அதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கைக்குக் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் வட்டியோடு அவர் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம்தான். ஒப்பந்தம் எங்கே?

சித்தப்பா: இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதியது. அதுவும் முடிந்துவிட்டது. பதினொரு மாதத்துக்குப் பதிவு வேண்டாம் என்று தரகர் சொன்னார்.

பெரியப்பா: அவர் சொன்னது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு. எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இந்தச் சட்டம்.

அத்தை: அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமே, அண்ணா.

சித்தப்பா: மொட்டை மாடி ஒழுகியபோது அது செலவாகிவிட்டது, அக்கா.

அத்தை: யாரைக் கேட்டு?

பெரியப்பா: அந்தக் கணக்கு பிறகு. வாடகை வாங்குபவரையும் சட்டம் உரிமையாளராகவே கருதுவதால், நோட்டீஸைத் தம்பி பெயரிலேயே அனுப்பலாம்.

அத்தை: அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு அவன் மட்டும் உரிமையாளரா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரியப்பா: பங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, அம்மா. வேண்டுமானால் மூவரும் கையெழுத்திடுவோம்.

அண்ணன்: வக்கீல் கட்டணமும் மூவருமா?

சித்தி: மாடியில் இருப்பவர் பெண்ணுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அதுவரை பொறுக்கக் கூடாதா?

பெரியப்பா: நோட்டீஸ் போனதும் யாரும் தெருவுக்கு வந்துவிடப் போவதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டைத் தொட நமக்கே உரிமை கிடையாது. ஞாயிறன்று வக்கீலைப் பார்ப்போம்.

சித்தப்பா: ஞாயிறு எனக்கு ஒரு சீமந்தம் இருக்கிறது.

அத்தை: எழுதியதை முதலில் எனக்கு அனுப்புங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.