6 லட்சத்துல பழைய ஃபோர் வீல் டிரைவ், மலைத்தோட்டத்துக்கு எது எடுக்கலாம்?

மிளகுக்கொடி:
எல்லாருக்கும் வணக்கம். தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு கொஞ்சம் காபி, மிளகு இருக்கு. தார் ரோட்டுல இருந்து தோட்டத்துக்கு 3 கிலோமீட்டர் மண்பாதை, வெயில் காலத்துல எந்த ஜீப்பும் ஏறிடும் ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில வண்டிய கீழயே விட்டுட்டு மூட்டைய தலைச்சுமையா இறக்குறோம். பட்ஜெட் 6 லட்சம், அதுக்கு மேல புரட்ட முடியாது. வாரத்துல ரெண்டு நாள் அப்பா அம்மாவ கூட்டிட்டு வத்தலக்குண்டு இறங்கணும், அப்பாவுக்கு முட்டிவலி. பாத்து வச்சிருக்கிறது 2013 மஹிந்திரா தார் சிஆர்டிஇ ஜீப், 2015 ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி (நாலு சக்கரமும் இழுக்கிற மாடல்), ஒரு மாருதி ஜிப்சி. எதுக்கு போகலாம்?

காட்டுவழி:
டஸ்டர் ஓட்ட சொகுசுதான் ப்ரோ, பின்னாடி சஸ்பென்ஷனும் இண்டிபெண்டன்ட், ஆனா லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) கிடையாது. ஃபர்ஸ்ட் கியர ரொம்ப ஷார்ட்டா வச்சிருப்பாங்க அதனால ஓரளவு ஏறும். ஏறுறத விட இறங்குறதுதான் உங்களுக்கு பிரச்சனை, ஈரமான களிமண்ணுல லோடோட பிரேக் மிதிச்சா வண்டி வழுக்கிட்டு போகும், லோ ரேஞ்ச் இருக்கிற வண்டின்னா 4எல் (ஃபோர் வீல் லோ) போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல விட்டா இன்ஜினே பிடிச்சு இறக்கும். ஜிப்சி ஒரு டன் கூட வராது, சேத்துல அது மாதிரி வண்டி இல்ல, ஆனா நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், குலுக்கி எடுக்கும், அப்பா முட்டி தாங்காது. தாருக்கே போங்க.

மிளகுக்கொடி:
தார்ல அம்மா பின்னாடி பக்கவாட்டு சீட்டுல உக்காரணுமே, அதான் யோசனை.

பட்டறைக்காரன்:
தம்பி, 20 வருஷமா இந்த வண்டிங்கள கழட்டி மாட்டுறவன் சொல்றேன். அப்பா அம்மா வர்றாங்கன்னா நாலு கதவு வேணும், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, எம்ஹாக் இன்ஜின் வச்ச ஃபோர் வீல் தேடுங்க, லோ ரேஞ்சும் இருக்கு, பின்னாடி குலுக்கல் கம்மியான காயில் ஸ்பிரிங்கும் இருக்கு. எந்த வண்டியா இருந்தாலும் பெயின்ட்ட பாக்காதீங்க, குனிஞ்சு அடியில பாருங்க. சேஸிஸ்ல புதுசா கருப்பு பூசியிருந்தா சந்தேகப்படுங்க, சுத்தியலால தட்டினா துருப்பிடிச்ச இடம் சத்தத்துலயே தெரிஞ்சிடும். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன் சக்கரத்துக்கு இழுவைய கொண்டு போற தண்டு) இருக்கான்னு பாருங்க, மைலேஜுக்காக கழட்டி வச்சுட்டு ஓட்டுறவங்க உண்டு. நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானமா இருக்கணும். ஃபோர் வீல மண்ணுலயே போட்டு பாருங்க, காஞ்ச தார் ரோட்டுல போட்டு திருப்பாதீங்க, நடுவுல வேக வித்தியாசத்த சமாளிக்கிற டிஃபரென்ஷியல் இல்லாததால முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து கியர் பாக்ஸே இறுகிக்கும். 6 லட்சத்தையும் வண்டிக்கே குடுக்காதீங்க, ஒரு லட்சமாவது டயருக்கும் வேலைக்கும் கையில இருக்கட்டும்.

நெய்தல்நிலம்:
பேப்பரயும் பாருங்க சகோ. 2016ல நான் வாங்கின வண்டி, விலை கம்மின்னு விழுந்துட்டேன், 2015 டிசம்பர் வெள்ளத்துல முங்கினதுன்னு ஆறு மாசம் கழிச்சு வயரிங் ஒவ்வொண்ணா போனப்பதான் தெரிஞ்சது. சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து பாருங்க, அடியில சேறு கறை இருக்கும். ஆர்சியில ஹைப்போதிகேஷன் (வண்டி மேல லோன்) இருந்தா, லோன் முடிஞ்சதுன்னு பேங்க் குடுக்கிற என்ஓசி கைக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க. கூரை மாத்தினது, சேஸிஸ் வெட்டினதுன்னா வேணவே வேணாம், கம்பெனி குடுத்த மாதிரிதான் வண்டி இருக்கணும்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போனா மாட்டிக்குவீங்க.

மிளகுக்கொடி:
நேத்து திண்டுக்கல்ல 2011 ஸ்கார்ப்பியோ ஃபோர் வீல் ஒண்ணு பாத்தேன் அண்ணா, அடியில சுத்தமா இருக்கு, ஷாஃப்டும் இருக்கு, சீட் பெல்ட்டும் இழுத்து பாத்தேன். அப்பா சைடு படியில கால் வச்சு தானே ஏறி உக்காந்துட்டாரு. ஆனா ஃபோர் வீல் போடுற நாப்ப (திருகுற ஸ்விட்ச்ச) 4எல்லுக்கு திருப்பினா லைட் மினுக்கிட்டே இருக்கு, கியர் விழல.

பட்டறைக்காரன்:
வண்டிய முழுசா நிறுத்தி, நியூட்ரல்ல க்ளட்ச்ச மிதிச்சுட்டு திருப்பினீங்களா? ஓடுறப்ப 4எல் விழாது. அப்படியும் விழலன்னா ஷிஃப்ட் மோட்டார்தான், 4எல்லுக்கு மாத்திவிடுற மோட்டார் அது, வருஷக்கணக்கா போடாம விட்டா இறுகிப்போயிருக்கும், அந்த செலவ கழிச்சு விலை பேசுங்க.

மிளகுக்கொடி:
க்ளட்ச் மிதிக்கல அண்ணா. ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், இந்த தடவ தார் ரோட்ட விட்டு பக்கத்துல இருக்கிற கம்மாக்கரைக்கு கொண்டு போய் போட்டு பாக்குறேன்.